முட்டுப் பலகை

இரணியலில் எட்சன் சார் வீட்டுக்கு செப்டிக் டேங்க் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். பத்தடி ஆழம் போயாயிற்று. முந்தின நாள் மழையில் நனைந்த மண், பக்கங்களிலிருந்து என் முதுகில் உதிர்ந்துகொண்டே இருந்தது. மேலே மாமர நிழலில் சாரும், கல்ஃபிலிருந்து லீவில் வந்த அவர் மச்சான் ஜெபிஷும் நாற்காலி போட்டுக் கைபேசி பார்த்தார்கள்.

“பூமி சட்டுனு சுத்தாம நின்னா, நம்மள மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வேகத்துல கெழக்க தூக்கி எறியுமாம், அத்தான்,” என்றான் ஜெபிஷ்.

ஒருநாளும் கடப்பாரை தொடாத கையால் சார் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “அய்யோ, வீடு நிக்குமா மக்கா?”

“சாரே, மண்ணு சரியுது. முட்டுக் கொடுக்க நாலு பலகை தாருங்க,” என்றேன்.

“பலகை புதுசு ஓய். சேறாக்கிருவீரு. பயப்படாம வெட்டும்,” என்றார். பிறகு மறுபடி பூமிக்காகப் பயப்படத் தொடங்கினார்.

பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி வெளியே வந்தேன்.

“எங்க ஓய் போறீரு? வேல கெடக்குல்லா?”

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் தொம்மென்று சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. சார் நாற்காலியோடு கவிழ்ந்து, எழுந்து, மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“நின்னுட்டுதா? பூமி நின்னுட்டுதா?”

குழி பாதிக்கு மூடிக் கிடந்தது. மண்வெட்டியைக் காணோம்.

“அது சுத்திட்டுதான் கெடக்கு, சாரே. உம்ம பலகையும் புதுசாவே கெடக்கு,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினேன்.