எலும்புப் பரீட்சை

கண்ணாடிப் பெட்டியின் மூடி மூன்றாம் முறையும் சாத்திக்கொள்ள மறுத்தது. சென்னப்பனின் முழங்காலை அமுக்கினால் தலை எழும்பியது. தலையை அமுக்கினால் முழங்கால் எழும்பியது. காரிமங்கலத்திலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல அமுக்குனா கண்ணாடி தாங்காதுங்க" என்றார்.

"அமுக்காதீங்க. அவர வுட்டுடுங்க" என்றாள் கலைமதி. விடிந்ததிலிருந்து அந்தப் பெண் வாய்திறந்து பேசியது அப்போதுதான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். காப்பி எடுத்துக்கொண்டு எழுப்பப் போனவள் அவள்தான்.

ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் அந்த ஊர் முழுக்கக் குடித்தது ஃபுளோரைடு கலந்த ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான். இளசுகள் பல்லில் பழுப்புக் கறையோடு தப்பித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு அது எலும்பில் இறங்கியது, சென்னப்பனுக்கு எல்லோரையும்விட அதிகமாக. முதுகு முழுவதும் ஒரே கட்டையாக இறுகி, முன்பக்கமாக வளைந்து, இருபது வருஷமாக அவர் நிலத்தைப் பார்த்தே நடந்தார். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்து திரும்பாது, ஆளே திரும்ப வேண்டும். அந்த நிலையிலும் தக்காளித் தோட்டத்தை ஒரு நாள் சும்மா போட்டதில்லை. உயிரோடு இருந்தபோது நிமிராத மனுஷனைச் செத்த பிறகு நிமிர்த்தப் பார்ப்பது என்ன நியாயம்?

சென்னப்பனின் லேசாகக் கூன் விழுந்த அண்ணன் கோவிந்தன்தான் முடிவெடுத்தார். "பொட்டி வேணாம். நாற்காலில உக்கார வெச்சிடுங்க. வெயிலு ஏறுது, ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாது. பன்னெண்டுக்குள்ள எடுத்துடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கலைமதி மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு மணிக்கு அவளுக்குப் பரீட்சை.

கலைமதி செய்வது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, கண்டதையெல்லாம் வாயால் சொல்லிப் பதிவு செய்வார். பெங்களூரு கம்பெனி வழியாக அந்தக் குரல் காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்தின் பின்கட்டு அறைக்கு வந்து சேரும். இவள் காதில் வாங்கி அறிக்கையாகத் தட்டுவாள். ஐந்து வருஷமாக அதுதான் வேலை. ஆனால் இப்போது மெஷினே கேட்டு மெஷினே தட்டுகிறது. தட்டுவதில் அது விடும் பிழைகளைத் திருத்த மட்டும்தான் ஆள் தேவை. அதுவும் எல்லா ஆளும் தேவையில்லை. ஆளுக்கொரு துறையைத் தேர்ந்தெடுத்துப் படித்து, பரீட்சையில் தேறினால் இருக்கலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

முதலில் அவள் எடுத்தது இதயம். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள். பேரைக் கேட்டாலே ஒரு மதிப்பு. இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்தும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வால்வுகளும் அறைகளும் குழாய்களும் ஒன்றோடொன்று குழம்பின. ஒரு சாயங்காலம் வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டு, அப்பாவின் முதுகுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். கழுத்துக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த முண்டில் விரல் நின்றுவிட்டது.

"அங்க என்னா இருக்குதுன்னு அங்கியே நின்னுட்ட?" என்றார் சென்னப்பன், தரையைப் பார்த்தபடியே.

"இது கழுத்தோட கடைசி எலும்புப்பா. மொத்தம் ஏழு. இது ஏழாவது."

"அதுக்குக் கீழ?"

"முதுகு. பன்னெண்டு."

"அப்ப எண்ணிக்கிட்டே எறங்கு. எனக்கும் சொகமா இருக்குது."

எண்ணிக்கொண்டே இறங்கினாள். எது எதோடு ஒட்டிக்கொண்டது, எது எங்கே வளைந்தது என்று விரலுக்குப் புரிந்தது. விரலுக்குப் புரிந்தது மண்டைக்கும் புரிந்தது. மறுநாளே பெங்களூருவில் இருக்கும் மேற்பார்வையாளர் நிர்மலாவுக்கு போன் போட்டு, இதயத்தை விட்டுவிட்டு எலும்புக்கு மாறிக்கொண்டாள். "அதுல என்னம்மா இருக்கு, வெறும் எலும்பு" என்று நிர்மலா கேட்டதற்கு, "எங்க வூட்லயே இருக்குதுங்க மேடம்" என்றாள்.

வீட்டிலேயே இருந்ததில் ஒரு வம்பும் வந்தது. மாதிரிப் பரீட்சையில், திருத்துகிறவருக்குச் சந்தேகம் வந்தால் அந்த வரிக்கு ஒரு கொடி குத்தி டாக்டருக்கே திருப்பி அனுப்பலாம். கலைமதி ஐந்து அறிக்கைக்குக் கொடி குத்தினாள். நிர்மலா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏம்மா, நோயாளிய எல்லாம் வுட்டுட்டு நல்லா இருக்கறவனுக்கா பாத்துக் கொடி குத்தி வெச்சிருக்க? நேரா நிக்கறாரு, குனிஞ்சு கால் வெரலத் தொடறாரு, ரெண்டு பக்கமும் திரும்பறாருன்னு டாக்டர் சொல்றாரு. அதுல உனக்கு என்ன சந்தேகம்?"

"அவருக்கு அறுவத்தியேழு வயசுன்னு போட்டிருக்குதுங்களே மேடம்" என்றாள் கலைமதி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவர்கள் தெருவில் அறுபது தாண்டிய ஆம்பளை ஒருவர்கூட நேராக நின்று அவள் பார்த்ததில்லை. கிழவன் என்றால் வளைந்துதான் இருப்பான் என்று நினைத்து வளர்ந்துவிட்டாள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். "அந்த ஊரு கெழவனுங்க நிமிந்து வானத்தப் பாக்கறானுங்களா? பாக்கட்டும், பாக்கட்டும்" என்றார். அதில் பொறாமை துளிகூட இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் அவர்.

அம்மா முனியம்மாள் வேறு ரகம். மகள் கதவைச் சாத்திக்கொண்டு காதை அடைத்துக்கொண்டு உட்காருவது அவளுக்கு ஆகவே ஆகாது. "ஆடு கத்துனா கேக்காது, ஆத்தா கத்துனா கேக்காது, அமெரிக்காக்காரன் இருமுனா மட்டும் எம் மவளுக்குக் கேக்கும்" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லுவாள்.

நாற்காலி முடிவான கையோடு கலைமதி பின்கட்டுக்குப் போய் நிர்மலாவுக்கு போன் போட்டாள். அப்பா போனதைச் சொல்லி, பரீட்சையை நாளைக்குத் தள்ள முடியுமா என்று கேட்டாள்.

"அய்யோ, கலை. நான் கேட்டுப் பாக்கறேன்" என்று வைத்தவள் கால் மணியில் திரும்பக் கூப்பிட்டாள். "ஒத்துக்க மாட்டேங்கறாங்கம்மா. இன்னிக்குத்தான் கடைசி. நீ வுட்டுடு. அப்பா காரியத்தப் பாரு. வேற ஏதாச்சும் வந்தா நானே சொல்றேன்."

வேறு எதுவும் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வாசலில் சென்னப்பனைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மாலை போட்டு நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். நாற்காலி அவருக்குப் பொருந்தியது. தலை கவிழ்ந்து, ஏதோ யோசனையில் இருப்பவர் போல இருந்தார். முனியம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்து பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கலைமதி அவளருகே மண்டியிட்டாள்.

"அம்மா. பதினொரு மணிக்கு அந்தப் பரீச்சம்மா. மாத்த முடியாதாம்."

முனியம்மாள் அழுகையை நிறுத்தி மகளைப் பார்த்தாள். "எம்மா நேரம்?"

"அரை மணி."

முனியம்மாள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திரும்பி விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

கலைமதி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டரைத் திறந்து, ஹெட்போனை மாட்டி, பதினொரு மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். அதே நேரம் பார்த்து, சாவு மேளத்துக்கு வந்திருந்த கம்பைநல்லூர் தர்மன் செட்டு வாசலில் மேளத்தை முழக்கியது. பம்பையும் சேர்ந்துகொண்டதும் மேசையே அதிர்ந்தது. காதுக்குள்ளே ஒரு டாக்டர் வாய்க்குள் எதையோ மென்றபடி பேசினார். இடுப்பா, தோளா என்றுகூடப் பிடிபடவில்லை. மூன்று முறை திருப்பிக் கேட்டாள். ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே பெரியப்பா கோவிந்தனின் குரல் மேளத்தையும் மீறி வந்தது. "பெத்தவன் வாசல்ல பொணமா உக்காந்திருக்கான், உள்ள கம்ப்யூட்டரா? ஊரு காறித் துப்பும்!"

கலைமதி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவர் சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றியது. அவமானமாக இருந்தது. அப்பா போய்விட்டார், வேலையும் போகட்டும் என்று எழுந்தாள்.

மேளம் நின்றது.

பாதி அடியில் நின்றது. கலைமதி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். அவிழ்ந்த கூந்தலோடு முனியம்மாள் தர்மனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"தர்மா, அரை மணி நேரம் கையக் கட்டிக்கிட்டு உக்காரு. எம் பொண்ணு உள்ள பரீச்ச எழுதுது."

"என்னா முனிம்மா பேசற?" என்று கோவிந்தன் பாய்ந்து வந்தார். "சாவு வூட்ல மேளம் நிக்கலாமா? பொணம் எடுக்கற வரைக்கும் அடிக்கறதுதான நம்ம வழக்கம்? எந்த ஊர்ல நடக்குது இது?"

"இந்த ஊர்ல நடக்குதுங்க மாமா. இருவது வருசம் குனிஞ்சே கெடந்த மனுசன், மவளுக்காக இன்னும் அரை மணி உக்கார மாட்டாரா? அவரு முதுக எண்ணி எண்ணித்தான் அவ படிச்சா. அது வீணாப் போச்சுன்னா அவரு எந்திரிச்சு வந்து என்னக் கேப்பாரு. நீங்களா பதில் சொல்வீங்க?"

கோவிந்தன் நாற்காலியில் இருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தர்மன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் உக்காந்துட்டங்க்கா" என்று புளியமரத்தடியில் குந்தினான். செட்டு முழுவதும் அவன் பக்கத்தில் குந்தியது.

அதோடு விடவில்லை முனியம்மாள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்து இறங்கிய சொந்தக்காரப் பெண்கள் தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு குரலெடுத்தபோது, ஓடிப்போய் முதல் வரியிலேயே அவர்கள் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாதீங்கடி. கட்டிப் புடிச்சிக்கோங்க. சத்தத்த மட்டும் அப்புறம் போடுங்க." அவர்கள் விழித்தார்கள். பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் அழுதார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு சாவு அதற்கு முன் நடந்ததில்லை.

கலைமதி ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். இப்போது டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. உடைந்த மணிக்கட்டு, தேய்ந்த மூட்டு. மெஷின் இடது காலை வலது கால் ஆக்கியிருந்தது, திருத்தினாள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் நான்காவதையும் ஐந்தாவதையும் குழப்பியிருந்தது. அவள் விரல்கள் தாமாகவே எண்ணின, திருத்தின. அந்த விரல்களில் அப்பாவின் முதுகு இருந்தது. அழுகை வந்தபோது துடைக்க நேரமில்லை, அப்படியே தட்டினாள்.

கடைசி அறிக்கை ஒரு கிழவருடையது. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆறு மாதம் ஆகிறது. வலி இல்லை. நிமிர்ந்து நிற்கிறார். கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறது. காலையில் நாயோடு நெடுந்தூரம் நடக்கிறார். வயது அறுபத்தேழு என்று டாக்டர் சொன்னார். வாசலில் உட்கார்ந்திருப்பவரின் வயது.

கொடி குத்தும் பொத்தான்மேல் அவள் விரல் ஒரு கணம் நின்றது. பாக்கட்டும், பாக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கொடி குத்தவில்லை. அந்தக் கிழவரை நேராகவே நிற்கவைத்து அனுப்பினாள்.

முடிவு அப்போதே திரையில் வந்தது. அவள் அதை நம்பாமல் இன்னொரு முறை படித்தாள். அதற்குள் நிர்மலாவிடமிருந்து செய்தி வந்துவிட்டது: "எலும்பு இனி உன்னோடது. போ, அப்பாகிட்ட போ."

கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. கோவிந்தன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"ஆச்சா?" என்றாள் முனியம்மாள்.

"ஆச்சு."

"ஜெயிச்சியா?"

கலைமதி தலையை மட்டும் ஆட்டினாள்.

முனியம்மாள் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து அண்ணாந்து புருஷனின் கவிழ்ந்த முகத்தைப் பார்த்தாள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் இருபது வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்து சொல்லுவாள்.

"யோவ், எலும்புல ஜெயிச்சுட்டாய்யா உம் பொண்ணு. அமெரிக்காக்காரன் எலும்பெல்லாம் இனி இவ சொன்னாத்தான் சரி."

பெண்கள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தார்கள். தர்மன் எழுந்து மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"யக்கா, பொணம் தூக்கற அடி அடிக்கட்டுங்களா?"

"அது அப்புறம். மொதல்ல சாமி ஊர்வலத்துக்கு அடிப்பியே, அத அடி."

தர்மன் கோவிந்தனைப் பார்த்தான். அவர் தோளிலிருந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வாசல் நடுவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆடுவதற்கு இடம் விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார்.

மேளம் எழுந்தது. கலைமதி துப்பட்டாவை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினாள்.