வேப்பிலை கட்டிய வாசல்

அந்த வருஷம் மலாக்கா முழுக்க மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் என்றே பேச்சு. எனக்கோ வருஷக் கடைசியில் வரப்போகும் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைதான் பெரிய பயம். பள்ளி விடுமுறையில் காஜா பெராங் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குத் தொண்டு செய்யப் போனதே அதற்காகத்தான். நான் கூழ் சுமக்கிறேன், நீ என்னைத் தேற்றிவிடு என்று அம்மாளோடு பேரம். அதற்குப் பக்தி என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன்.

கோவிலுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குக் கூழ் கொண்டுபோவது எங்கள் வேலை. தொண்டர்களுக்குத் தலைவர் கணேசமூர்த்தி அண்ணன். அந்தக் கம்பத்தில், அதாவது அந்தக் கிராமத்தில், இருப்பவர்கள் மலாக்கா செட்டிகள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். திருவிழாவுக்காக எல்லா வீட்டு வாசலிலும் மாவிலை தொங்கியது. கடைசி வீட்டில் மட்டும் கதவு சாத்தி, நிலையில் கொத்துக் கொத்தாய் வேப்பிலை.

"அம்மா வந்திருக்கா. கதவு தட்டாத, பேர் சொல்லிக் கூப்புடாத. வாசல்லயே வெச்சிட்டு வா" என்றார் அண்ணன்.

அம்மை போட்ட வீட்டுக்குள் போகக்கூடாது என்பது எனக்கும் தெரியும். தூக்குச்சட்டியை வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அக்கம்பக்கத்தாரும் அந்த வேப்பிலையைப் பார்த்துத்தான் ஒதுங்கியே நடந்தார்கள். உள்ளே மல்லிகா என்று ஒரு பெண், நிறைமாதம், புருஷன் கப்பலில் வேலை என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

மறுநாள் போனால் சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மேலே எறும்பு மொய்த்திருந்தது.

"விரதமா இருக்கும்" என்றார் அண்ணன்.

"புள்ளத்தாச்சிக்கு என்னண்ணே விரதம்?"

"உனக்கு வாய் நீளம், சந்திரமதி. அம்மா காரியத்துல கேள்வி கேக்காத. புதுச் சட்டிய வெச்சிட்டு வா."

வைத்தேன். அதற்கு அடுத்த நாள் இரண்டு சட்டியும் அப்படியே இருந்தன. கோவில் ஒலிபெருக்கி ஒரு பாட்டை முடித்து அடுத்த பாட்டுக்கு மாறிய இடைவெளியில், வீட்டுக்குப் பின்பக்கமிருந்து தரையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது.

"நான் உள்ள போறேன்."

"பைத்தியமா உனக்கு? அம்மா கோவம் சும்மா விடாது. உனக்கே போட்டுரும்!"

எனக்கு அதுவரை அம்மை போட்டதில்லை. முகமெல்லாம் தழும்போடு என்னைப் பார்த்தால் எங்கம்மா செத்தே போவாள். பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். தாயே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று மனதுக்குள் கத்திவிட்டுக் கதவைத் தள்ளினேன். தாழ்கூடப் போட்டிருக்கவில்லை.

அடுப்படித் தரையில் அவள் கிடந்தாள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே திரும்பி, கறுத்து வீங்கியிருந்தது. கையில் ஒரு சிரட்டை. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. நான் முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன்.

ஒரு முத்துகூட இல்லை. அவளுக்கு அம்மையே இல்லை.

எனக்குப் பின்னாலேயே ஓடி வந்த அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தோலோங், டெ" என்றாள். உதவி செய்யம்மா என்று மலாயில் கேட்கிறாள். தண்ணீரை வாயில் விட்டேன். விக்கி விக்கிக் குடித்தாள். முந்தாநாள் காலையிலேயே பின்கட்டில் வழுக்கி விழுந்தாளாம். இங்கே வரைக்கும்தான் தவழ முடிந்ததாம். கத்திக் கத்திக் குரலும் போய்விட்டதாம்.

"அந்த வேப்பிலை?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

புருஷன் கப்பலுக்குப் போகுமுன் கட்டிய நேர்த்தி. பிரசவம் முடியும்வரை அம்மாள் வாசலில் நின்று காவல் காக்கட்டும் என்று கட்டினானாம்.

அண்ணன் டாக்சி கூட்டிவர ஓடினார். அவள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். எதுவும் தெரியவில்லை. இன்னும் அழுத்தி வைத்தாள். மெல்ல ஒரு அசைவு, பிறகு ஒரு உதை. நான் ஓவென்று அழுதுவிட்டேன். அந்தப் பிள்ளை அன்று மாலை ஆஸ்பத்திரியில் உயிரோடு பிறந்தது.

ஆனால் டாக்சி வருவதற்குள் அவள் ஒன்று சொன்னாள். கோபமே இல்லாமல், ஏதோ சேதி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"தினமும் அம்மாளைக் கூப்பிட்டேன். தினமும் நீங்கள் வாசல்வரைக்கும் வந்தீர்கள். உங்கள் பேச்சுக்கூடக் கேட்டது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் அம்மாள் ஆள் அனுப்பியிருக்கிறாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனது நாங்கள்தான்.