ரோஜா நிறச் சைக்கிள்

தென்காசியில் பேறுகாலம் பார்க்கிற ரெங்கம்மாளுக்கு 1938-ல் ஒரு சைக்கிள் வாய்த்தது. சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருத்தி விற்றுவிட்டுப் போன, முன்பக்கத்தில் குறுக்குக் கம்பி இல்லாத கறுப்புச் சைக்கிள். நடந்தும் மாட்டுவண்டிக்குக் காத்தும் கால் தேய்ந்துபோன ரெங்கம்மாள் பத்தே நாளில் ஓட்டப் பழகிவிட்டாள்.

பழகாதது அவள் சேலைதான். முதல் வாரத்திலேயே இரண்டு தடவை சங்கிலிக்குள் போய்ச் சுருண்டது. மேலகரத்தில் தையல் தைக்கிற சைதூன் பீவியிடம் போய் முறையிட்டாள். சைதூன் பீவி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சேலைக்குள் போட்டுக்கொள்ள, கணுக்காலில் சுருக்குக் கயிறு வைத்த தொளதொளக் கால்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தாள். சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிச் செருகினாலும் மானம் போகாது. சேலை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்கு நூல் வலை கட்டினார்கள். சாரலில் குடை பிடித்தால் காற்று சைக்கிளையே வயலுக்குள் இழுத்ததால், தலையோடு மூடுகிற மெழுகுச்சீலை அங்கி ஒன்றும் சேர்ந்தது. கூடை, மணி, எண்ணெய் விளக்கு எல்லாம் ரெங்கம்மாளே கடை கடையாகத் தட்டிப் பார்த்து வாங்கினாள்.

இவ்வளவு பாடுபட்ட சைக்கிளில் அவளைவிட அதிகம் ஏறியவன் அவள் கொழுந்தன் குற்றாலிங்கம். புருஷன் போலீஸ் வேலையில் தூத்துக்குடியில் இருந்தான். வீட்டில் மாமியாரும் இவனும்தான். இருபத்து மூன்று வயதில் அவனுக்கு இருந்த ஒரே உத்தியோகம், மல் ஜிப்பா போட்டு அத்தர் தடவிக்கொண்டு குற்றாலத்துச் சீசன் கூட்டத்தில் நாலுபேர் பார்க்கப் போய்வருவது. கேட்காமல் எடுப்பான். கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவான். மட்கார்டை நெளித்துக்கொண்டு வருவான். மாமியாரிடம் சொன்னால், வீட்டுச் சாமானை வீட்டுப் பிள்ளை எடுக்காமல் யார் எடுப்பார் என்பாள்.

ஒருநாள் இலஞ்சியில் ஒருத்திக்கு வலி கண்டு ஆள் வந்தபோது சைக்கிள் குற்றாலத்தில் இருந்தது. ரெங்கம்மாள் மழையில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, தொப்புள்கொடி அறுக்க ஆளில்லாமல் கிடந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் ஆயுசு கெட்டி என்பதால்தான். மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சைதூன் பீவியின் புருஷன் ஆதமிடம் போனாள். வில்வண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் வர்ணம் அடிப்பவர் அவர்.

"என்ன நிறம் அடிக்கணும் நர்ஸம்மா?"

"எங் கொழுந்தன் தொடக் கூசுத நிறம் எதுவோ அது, அண்ணாச்சி."

ஆதம் சிரிக்கவில்லை. வேலையை வேலையாகவே எடுத்துக்கொண்டார். பழைய கறுப்பைச் சோடாக்காரம் போட்டு ஊறவைத்துச் சுரண்டினார், உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தார், துருப் பிடிக்காமலிருக்கச் செந்தூரப் பூச்சு கொடுத்தார். ஒரு பலகையில் ஏழெட்டு நிறத்தைத் தீற்றி அவள் முன் வைத்தார். பச்சை என்றால் அவன் ஏறிவிடுவான், சிவப்பு என்றால் கொண்டாடுவான் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் பஞ்சுமிட்டாய் போன்ற ரோஜா நிறத்தில் அவள் விரல் நின்றது. சாரல் காலத்தில் வர்ணம் காயாது என்பதால், ஆதம் சைக்கிளைக் கொல்லன் பட்டறையில் உலைக்கு எட்டத் தொங்கவிட்டுக் காயவைத்தார். அதன்மேல் மஞ்சளில் ஒரு பூங்கொடி ஓடியது. சங்கிலி மூடியில் "பேறுகால உதவி, ரெங்கம்மாள்" என்று எழுதினார். பின்மட்கார்டில் ஒரு தொட்டிலும் அதில் காலை உதைக்கிற பிள்ளையும் வரைந்தார். அது அவள் கேட்காதது.

சைக்கிளைப் பார்த்த குற்றாலிங்கம் மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் மத்தியானம் நல்ல சாரல். பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று சேதி வந்தது. ரெங்கம்மாள் கூடத்துக்கு வந்தபோது சைக்கிளையும் காணோம், கொடியில் கிடந்த துண்டையும் காணோம். துண்டை வைத்து எதை மறைப்பான், தொட்டிலையா பெயரையா என்று யோசித்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு மணி நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. வாசலில் குற்றாலிங்கம் வெற்றுமார்போடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான். மேலகரத்தில் பேறுகாலம், கையோடு கூட்டிவரச் சொன்னார்கள் என்று மூச்சு வாங்கினான். ஜிப்பா எங்கே என்று அவள் கேட்டதும் சைக்கிளைத் தெருப்பக்கம் திருப்பினான்.

அவள் பையை எடுத்து அங்கியைப் போட்டுக்கொண்டாள். அவன் சீட்டில் ஏறப் போனான்.

"நீங்க பின்னால உக்காருங்க தம்பி. பையைப் பிடிச்சுக்கிட்டு வழி சொல்லுங்க. மிதிக்கதுக்குத்தான் நான் கால்சட்டை தைச்சிருக்கேன்."

மதினி ரோஜாச் சைக்கிளை மிதிக்க, சட்டையில்லாத கொழுந்தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் இருக்க, இருவரும் தென்காசிக் கடைவீதியைக் கடந்தார்கள். வெற்றிலைக் கடையில் நின்ற அவன் சேக்காளிகள் இரண்டுபேர் வாயில் போட்டதை மெல்லாமல் பார்த்தார்கள்.

மேலகரத்து வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. வெந்நீர் கொதித்தது, சோப்பு இருந்தது, அறை கூட்டிக் கிடந்தது. அரைமணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளின் தாய் மாரித்தாய் குழந்தையைச் சுற்ற நீட்டிய துணியில் அத்தர் வாசம் அடித்தது. பிறகு மாரித்தாய் நடந்ததைச் சொன்னாள். காற்றில் துண்டு விலகித் தொட்டில் தெரிந்ததும் அவள் மருமகன் ஓடிப்போய்ச் சைக்கிளை மறித்திருக்கிறான். நர்ஸம்மா அனுப்பிய ஆளா, இல்லை திருடிக்கொண்டு போகிற ஆளா என்று கேட்டால் பாவம் குற்றாலிங்கம் என்ன சொல்லுவான்? அனுப்பிய ஆள்தான் என்றிருக்கிறான். அப்படியானால் நர்ஸம்மா என்ன எடுத்துவைக்கச் சொன்னாள் என்று கேட்க, வீட்டில் காதில் விழுந்ததையெல்லாம் ஒப்பித்திருக்கிறான்: வெந்நீர், சோப்பு, சுத்தமான துணி.

"வீடு முழுக்கத் தேடினேன். அந்தப் பிள்ளை போட்டிருந்ததைவிடச் சுத்தமான துணி இல்லை. கழத்துன்னேன், கழத்திட்டான்."

ரெங்கம்மாள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பிள்ளை பெற்றவளும் சேர்ந்து சிரித்தாள். வெளியே தாழ்வாரத்தில் குற்றாலிங்கத்துக்கு யாரோ கருப்பட்டிக் காப்பி கொடுத்திருந்தார்கள். குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது, அவன் அதையும் தன் ஜிப்பாவையும் மாறிமாறிப் பார்த்தான்.

ஜிப்பா அருவியில் போய்விட்டது என்று தாயிடம் சொன்னான். ரெங்கம்மாள் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்று, அன்றைக்குத்தான் முதல்முதலாக, சைக்கிளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். குற்றாலத்துக்குத்தான் என்று நினைத்தாள். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டான். பாதி நனைந்திருந்த தலையைத் துவட்டாமலே, பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"மேலகரத்துப் புள்ள நல்லாப் பாலு குடிக்கு மதினி. வெந்நி தினமும் போடுதாவளான்னு கேட்டேன். போடுதாவளாம்."