வண்டிக்கு மூன்று வியாதி

வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத பழைய பிக்கப் வண்டிக்கு மூன்று வியாதி இருப்பதாக மெத்தைக்காரர் அறிவித்தார். ஒன்று, சாவியைத் திருப்பினால் முனகும். நாலைந்து தடவை கெஞ்சிய பிறகுதான் கிளம்பும். இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட்டைப் போட்டால், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் விருட்டென்று சிவப்புக்கு ஏறும். அணைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல இறங்கிவிடும். மூன்று, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி தன் இஷ்டத்துக்கு உறுமிக்கொண்டிருக்கும்.

நாலாவது ஒன்றும் உண்டு, ஆனால் அது வண்டியில் இல்லை, வண்டியைப் பார்த்துக் கொடுத்த மச்சானிடம் இருக்கிறது என்றார்.

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் மாப்ள" என்று சொன்னவர் அவர்தான்.

"அவரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பாத்திருக்கார்" என்று மெத்தைக்காரர் ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் போன் செய்தால் எடுப்பதில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் பாப்பா. நாற்பத்தாறு வயதாகியும் அண்ணன் அப்படிக் கூப்பிட்டதால் புருஷனும் தெருவும் அப்படியே கூப்பிட்டார்கள். மெத்தைக்கு உறை தைப்பது அவள் வேலை. கடையில் இருந்த மூன்று தையல் மெஷினில் எது படுத்தாலும் பிரித்துப் பூட்டுவதும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மெக்கானிக் வந்தார். பானட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"இன்ஜினை இறக்கணும்" என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டாள் பாப்பா.

"இறக்கினாத்தானே எதுக்குன்னு தெரியும்?"

மெத்தைக்காரருக்கு இந்தப் பதில் திருப்தியாக இருந்தது. நாளைக்கே வந்து இறக்கச் சொல்லிவிட்டு, பஞ்சு எடுக்கப் போய்விட்டார். வியாழக்கிழமை ஒரு மாணவர் விடுதிக்கு முப்பது மெத்தை போய்ச் சேர வேண்டும். எதில் போகும் என்று பாப்பா கேட்கவில்லை. கேட்டால் பேச்சு மறுபடி அண்ணனிடம் போய் நிற்கும்.

அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். நூல் அறுந்தால் மெஷினைத் திட்டிப் பிரயோஜனமில்லை, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை. சாவியைத் திருப்பினாள். முனகியது. நாலு தடவை திருப்பிவிட்டு, ஸ்டூலில் ஏறி, பானட்டுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பேட்டரி புதுசு, அதன் பிடிகள் இறுக்கமாக இருந்தன. பிறகு ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

காலால் அமுக்கினால் இழுக்க வேண்டும், விட்டால் விட வேண்டும், அந்தக் கேபிளுக்கு அதைத் தவிர வேறு ஜோலி கிடையாது. இன்ஜினே ஓடாதபோது இது ஏன் சுட வேண்டும்?

அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சுடுதா? அப்ப கரண்டு அது வழியாப் போகுது பாப்பா. பேட்டரியிலேர்ந்து கிளம்பின கரண்டு திரும்பி வீட்டுக்கு வரணும். வாசல் அடைச்சிருந்தா சந்து வழியா வரத்தான் பாக்கும். இன்ஜினையும் சேஸியையும் சேத்து ஒரு பட்டை இருக்கும், பின்னல் மாதிரி. அறுந்திருக்கா பாரு."

"அறுகலை. நல்லா முறுக்கியிருக்கு."

மறுமுனையில் அண்ணன் யோசித்தார். "சீட்டுக்கடியில, ரெண்டு முனையிலயும் கிளிப் வெச்ச தடிக் கம்பி ஒண்ணு போட்டுக் குடுத்தேனே, இருக்கா? ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல மாட்டு. இன்னொண்ணை இன்ஜின் இரும்புல கடிக்க விடு."

மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். முனகல் இல்லை, கெஞ்சல் இல்லை. முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. ஹெட்லைட்டைப் போட்டாள். முள் அசையாமல் இருந்தது. கேபிள் மட்டும் இன்னும் முரண்டு பிடித்தது. சூட்டில் உள்ளே உருகி ஒட்டியிருக்கும், ஆனால் கரண்டை விடாதது அந்தப் பட்டைதான் என்றார் அண்ணன்.

"யார் ஸ்டார்ட் பண்ணா?" பஞ்சு மூட்டையோடு மெத்தைக்காரர் வாசலில் நின்றார்.

பாப்பா வண்டியை அணைத்துவிட்டு, பட்டையின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பட்டை வந்தது. அதற்கு அடியில், இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டிய இடத்தில், வழவழவென்று பச்சைப் பெயிண்ட். போல்ட்டு ஓட்டைக்குள்ளும் பெயிண்ட்.

அது வீட்டுக் கேட்டின் பச்சை. வண்டி வந்த மறுநாள், துருப் பிடிக்கக் கூடாது என்று, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, மிச்சமிருந்த டின்னை மெத்தைக்காரர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தீர்த்திருந்தார். ரொம்ப சிரத்தையாகச் செய்த வேலை. எங்குமே விட்டுப்போகவில்லை.

அவர் பெயிண்டைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார்.

"என்ன பாப்பா, ஏதாவது தெரிஞ்சுதா?" என்றது போன்.

மெத்தைக்காரர் பாப்பாவைப் பார்த்தார். பழைய ஓனர் அடித்தது என்று சொல்லிவிடலாம், அண்ணன் நம்பிவிடுவார். ஆறு நாளாகத் தான் கேட்ட பேச்சையெல்லாம் பாப்பா ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள்.

"பெயிண்ட் அண்ணே" என்றாள். "பட்டைக்கு அடியில பெயிண்ட் அடிச்சிருக்கு."

"எந்தப் புண்ணியவான்?"

அவள் போனை எடுத்துப் புருஷன் பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்காமல், குனிந்து அதனிடம் பேசினார்.

"நான்தான் மச்சான்."

"எத்தனை கோட்டு?"

"ரெண்டு."

"ரெண்டா. பாவம், கரண்டு எங்க போகும்?" என்றார் அண்ணன். "சரி, உப்புத்தாளை வெச்சு வெள்ளையா வர்ற வரைக்கும் தேயுங்க. புதுக் கேபிள் நான் வாங்கிட்டு வரேன்."

அவர் வருவதற்குள் மெத்தைக்காரர் மெக்கானிக்குக்குப் போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார். ஏன் என்று அந்த மனிதர் கேட்டிருப்பார் போல. "குடும்ப விஷயம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணன் கேபிளோடு வந்தார். "என்ன மாப்ள" என்றார். "வாங்க மச்சான்" என்றார் மெத்தைக்காரர். அதோடு அந்த ஆறு நாளும் முடிந்தது. கேபிளை மாற்றிவிட்டு அண்ணன் சட்டையைக் கழற்றி வண்டிக்கு அடியில் புகுந்தார்.

"வேற எங்கல்லாம் கழட்டி அடிச்சீங்க?"

"சொன்னாப் புரியாது மச்சான், இருங்க" என்று மெத்தைக்காரரும் பக்கத்தில் படுத்து உள்ளே போனார்.

வெளியே தெரிந்தவை நாலு கால்கள். "இங்கயுமா?" என்று ஒரு குரல் வந்தது. "லேசாத்தான்" என்றது இன்னொன்று. பாப்பா இன்னொரு உப்புத்தாளை அவர்களுக்குக் கைநீட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பதினோரு உறைகளைத் தைக்கப் போனாள்.