போனவங்க படம்

இரத்தினபுரியில் ஒரு தியேட்டர் முதலாளி பழனிமுத்துவின் படத்துக்கு மூன்று நாள் காலைக் காட்சி கொடுத்தார். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த அவன் அண்ணனின் சிப்பந்திகள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அண்ணனே அனுப்பியிருந்தார்.

படம் பதினாறு மில்லிமீட்டர். தியேட்டர் மெஷினில் அது ஓடாது. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கி வந்த சின்ன புரொஜெக்டரை நடு வரிசையில் மேசை போட்டு வைத்து, பழனிமுத்துவே ஓட்டினான். அவ்வளவு பெரிய திரையின் நடுவில் ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் படம் விழுந்தது. அரை மணி நேரம் போன பிறகு பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்து, அவன் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“மெயின் படம் எத்தன மணிக்குங்க போடுவாங்க?”

“இதுதாங்க.”

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். முடியும்வரை எழுந்து போகவில்லை. அவர் போயிருந்தால் தேவலை என்று பழனிமுத்துவுக்கு இருந்தது.

இரண்டாம் நாள் ஆறு பேர். மூன்றாம் நாள் காலையில் முதலாளி தியேட்டரைத் திறக்கவே இல்லை.

அது 1976ஆம் ஆண்டு. பழனிமுத்துவுக்கு வயது முப்பத்தொன்று. கொழும்பில் எட்டு வருஷம் சிங்களப் படங்களுக்கு ஃபிலிம் வெட்டி ஒட்டுகிற இடத்தில் உதவியாளாக இருந்தவன். செய்திப் படம் எடுப்பவர்களிடம் மிஞ்சும் துண்டுச் சுருள்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, இரண்டு வருஷத்துக்கு முன் கரவனெல்லைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் மூன்று வாரம் தங்கிப் படம் எடுத்தான். பெயர் ‘எட்டாம் நம்பர் மலை’. பால் வெட்டுகிற ஆட்களே நடித்தார்கள். எடுத்ததை ஒரு முழுப் படமாக வெளியே கொண்டுவர இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருந்தது ஒரே ஒரு பிரதி.

அதை ஊருக்குச் சொல்ல அவனுக்கு ஒருவர்தான் துணை. ஜமால்தீன், ஐம்பது வயதுக்காரர்; அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவான். பழைய ஒஸ்டின் காரின் தலையில் ஒலிபெருக்கி கட்டி, தியேட்டருக்கு வரும் இந்தியப் படங்களை ஊர் ஊராகக் கூவி அறிவிப்பது அவர் தொழில். பழனிமுத்துவின் அண்ணனுக்குப் பழக்கமானவர் என்பதால் இந்தப் படத்துக்கும் கூவினார்.

இருவரும் ஒரு மாதம் அலைந்தார்கள். சுவரில் ஒட்டிய நோட்டீஸ் காய்வதற்குள் இந்தியப் பட நோட்டீஸ் அதன்மேல் ஏறிவிடும். ஓரத்தில் கதாநாயகியின் பால் வாளி மட்டும் மிஞ்சித் தெரியும். பத்திரிகைக்கு எழுதிப் போட்டதில் இரண்டு வரி வந்தது. அதில் அவன் பெயர் பழனிச்சாமி என்றிருந்தது. தோட்டம் தோட்டமாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று போனார்கள். ஒரு தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த யூனியனுங்க?”

“யூனியன் இல்லீங்க. படம் காட்டணும்.”

“சரி, படத்த எந்த யூனியன் காட்டுது?”

அவன் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம்தான் கூடியது. ஆபீஸ் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்த ஜமால்தீன், அவன் திரும்பி வந்த விதத்தைப் பார்த்தே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார்.

வழியில் அவர் கேட்டார்: “தம்பி, இந்தப் படத்துல நடிச்ச ஆக்கள் படத்தப் பாத்தாங்களா?”

“இன்னும் இல்ல நானா.”

“ஏன்?”

வெறுங்கையோடு அங்கே போகப் பழனிமுத்துவுக்கு மனமில்லை. பத்திரிகையில் நாலு நல்ல வார்த்தை வந்த பிறகு, ஒரு தியேட்டரில் கூட்டம் நின்ற பிறகு போகலாம் என்று இருந்தான். அதைச் சொன்னான்.

“அவங்களே பாக்கல்ல. அப்ப யாருக்கு நாம இப்பிடிக் கத்திக்கிட்டுத் திரியிறம்?” என்றார் ஜமால்தீன். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

மறுநாள் கரவனெல்லைக்குப் புறப்பட்டார்கள். தோட்டத்து ரோட்டில் ஏறும்போதே ஜமால்தீன் ஒலிபெருக்கியைப் போட்டார். “நம்ம தோட்டத்து இருளாயி கதாநாயகியா நடிச்ச படம். பாக்க வாங்க. நம்ம இருளாயி நடிச்ச படம்.”

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கார் நின்றதும், குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள். இருளாயியின் அம்மா தங்கம்மா. அவளைப் பழனிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். படம் எடுத்த மூன்று வாரமும் அவனுக்குச் சோறு போட்டவள்.

“சத்தத்த நிப்பாட்டச் சொல்லுங்க தம்பி,” என்றாள். “இருளாயி இங்க இல்லீங்க. பங்குனி மாசமே இந்தியாவுக்குப் போயிருச்சு.”

இலங்கை, இந்திய அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டம் தோட்டமாக ஆட்களைப் பிரித்து அனுப்புகிறார்கள் என்று பழனிமுத்துவுக்குத் தெரியும். தன் படத்து ஆட்களும் அந்தக் கணக்கில் வருவார்கள் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

“புருசன் வீட்டாளுகளுக்கு அங்கிட்டு எழுதிட்டாங்க. எங்களுக்கு இங்கிட்டுன்னு வந்திருக்கு. கோத்தகிரிப் பக்கம் இருக்காம். ரெண்டு காயிதம் வந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் காணோம்.”

படத்தில் வரும் முப்பது பேரில் பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். தங்கம்மா விரல்விட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பழனிமுத்து காரின் படியில் உட்கார்ந்துவிட்டான். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். அவளே சொன்னாள்: “கொண்டாந்தது கொண்டாந்துட்டீங்க. போட்டுட்டுப் போங்க. மழ பேஞ்சா பால்வெட்டு இருக்காது. எல்லாரும் வருவோம்.”

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சிங்களவர், இளவயதுக்காரர். பழனிமுத்து சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னதும், வேலை இல்லாத நாளில் பிள்ளைக் காம்பராவில் காட்டிக்கொள்ளலாம் என்றார். பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. பக்கத்திலிருந்த ஸ்டோரில் மின்சாரம் இருந்தது. அங்கிருந்து வயர் இழுக்கவும் சம்மதித்தார்.

மழைக்குப் பேர்போன அந்த மண்ணில் இரண்டு நாள் ஒரு துளி விழவில்லை. கரவனெல்லைக் கடைத்தெருவில் ஜமால்தீனின் சொந்தக்காரர் ஹுஸைனின் சாப்பாட்டுக் கடையில் இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். மூன்றாம் நாள் விடியும்போதே கொட்டத் தொடங்கிவிட்டது.

பிள்ளைக் காம்பராவின் ஜன்னல்களில் சாக்குகளைக் கட்டினார்கள். தொட்டில் கயிறுகளை உத்தரத்தில் சுருட்டி வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூரைத் தகரத்தில் மழை இரைந்ததால் பழனிமுத்து சத்தத்தைக் கடைசிவரை திருப்பி வைத்தான்.

படம் தொடங்கியதும் பேச்சும் தொடங்கியது. “அந்தா பெரிய கங்காணி.” “ஏய், அது நம்ம இருளப்பன் வீட்டு நாயி.” “நம்ம சின்னப்பிள்ள அக்காவப் பாரு. சீலய எப்பிடிக் கட்டியிருக்குன்னு பாரு.” கதையில் ஒருவன் வேலை பறிபோய் லயத்தை விட்டு வெளியேறும் இடம் வந்தது. பழனிமுத்து ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய காட்சி அது. திரையில் அந்த ஆளுக்குப் பின்னால் தெரிந்த பூசிய சுவரைக் காட்டி, அதை இடித்துவிட்டார்களா இல்லையா என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பழனிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்து, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவு வந்தது.

பிறகு இருளாயி வந்தாள். வாளியோடு மலையில் இறங்கி வந்து, மரத்தடியில் நின்று, திரும்பிப் பார்த்துப் பேசினாள். காம்பரா அடங்கிவிட்டது. மழைச் சத்தமும் அவள் குரலும் மட்டும் கேட்டன.

தங்கம்மா எழுந்து நின்றாள். “தம்பி, இது யாருங்க பேசுறது?”

“இருளாயிதான் அக்கா.”

“மொகம் அதுதான். கொரல் அது இல்லீங்களே.”

படத்தைக் குரல் இல்லாமல்தான் எடுத்திருந்தான். வசனத்தைப் பிறகு கொழும்பில் ஒரு வானொலி நடிகை பேசிக் கொடுத்தாள். பிசிறில்லாத அழகான குரல். படத்திலேயே உருப்படியானது அதுதான் என்று பார்த்த ஓரிருவர் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “வேற ஒருத்தவங்க பேசினாங்க” என்றான்.

“அந்தப் பொம்பளய நிறுத்திட முடியுங்களா?”

பழனிமுத்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பினான். நடிகையின் குரலும் அதன் பின்னிருந்த இசையும் போயின. திரையில் இருளாயியின் வாய் மட்டும் அசைந்தது.

“இன்னொருக்காக் காட்டுங்க,” என்றாள் தங்கம்மா.

சுருளைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினான். மறுபடி கேட்டார்கள். மூன்றாம் தடவை, முன்வரிசையில் இருந்த காத்தமுத்து என்பவர் பொதுவாகச் சொன்னார்: “இந்தா திரும்பிப் பாக்குது பாருங்க, அது என்னயத்தான் பாக்குது. நான் இங்கிட்டுக் கல்லுல குந்தியிருந்தேன். மாமா வெயிலுல கெடக்காதீங்கன்னு சொல்லிச்சு.” அது உண்மையாகவும் இருக்கலாம். எழுதிக் கொடுத்த வசனத்தை அன்று அவள் சரியாகச் சொன்னாளா என்று பழனிமுத்து கவனிக்கவில்லை. வாய் அசைந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான்.

ஐந்தாம் தடவைக்குப் பிறகு மற்றவர்களும் தங்கள் ஆட்களைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். மத்தியானம் தாண்டியும் முதல் சுருளே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுருளை அவன் பெட்டியைவிட்டு எடுக்கவேயில்லை. கதை எப்படி முடிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இறங்கி வரும் வழியில் ஜமால்தீன் கேட்டார்: “நாளைக்கு என்னன்னு கூவ?”

பழனிமுத்து பழைய நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினான். கதை, வசனம், இயக்கம் எதுவும் அதில் இல்லை. ‘இந்தப் படத்தில் காணலாம்’ என்று மேலே போட்டு, முப்பது பேரின் பெயரையும், எந்த லயம், யார் மகன், யார் மகள் என்பதையும் எழுதினான். இரத்தினபுரியில் அதைத்தான் அச்சடித்தார்கள்.

ஜமால்தீன் அந்தப் பெயர்களைத்தான் இப்போது கூவினார். ஒரு தோட்டத்து ஆள் என்றால் நாலு தோட்டத்தில் சம்பந்தம் இருக்கும். வரக்காப்பொலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று மைல் நனைந்துகொண்டே நடந்து வந்தார்கள். கிளாக்கர்மார்களே ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். யூனியனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படத்தின் பெயரும் யாருக்கும் தேவைப்படவில்லை. ‘போனவங்க படம்’ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

முதன்முதலாகக் கூட்டம் வந்தது. பழனிமுத்துவுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் படுக்கும்போது, தான் எடுத்த படத்தை இன்னும் ஒருவருமே பார்க்கவில்லை என்று தோன்றும். தினமும் கையால் சுருளைப் பின்னால் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது.

அந்த வரக்காப்பொலைத் தோட்டத்தில்தான் மருதாயி என்ற பெண் காருக்கு அருகில் வந்து நின்றாள். “தைக் கடைசியில நாங்க போறோங்க. பதினோரு குடும்பம். அதுக்குள்ள வந்து எங்களயும் எடுத்துருங்க.”

“கேமரா எங்கிட்ட இல்லீங்க.”

“அப்ப அத எதுல எடுத்தீங்க?”

இரவல் என்று சொன்னான். மறுபடி இரவல் வாங்க முடியாதா என்று அவள் கேட்டாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். செய்வதாக நினைப்பில்லை. ஆனாலும் தை பிறந்ததும் கொழும்புக்குப் போய், பழைய இடத்தில் காத்துக் கிடந்து, ஒரு கேமராவும் நூறடிச் சுருள் ஒன்றும் வாங்கி வந்தான். நூறடி என்றால் மூன்று நிமிடம்கூட வராது. குடும்பத்துக்குப் பதினைந்து விநாடி என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

துவைத்துக் கட்டிய உடுப்போடு லயத்து வாசல்களில் வரிசையாக நின்றார்கள். புகைப்படத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார்கள்.

“அசைங்க. ஏதாச்சும் பேசுங்க,” என்றான்.

“பேசுனா கேக்குங்களா?”

“கேக்காதுங்க.”

மருதாயி கொஞ்சம் யோசித்தாள். பிறகு பக்கத்து லயத்துக்காரியைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் சிரித்தாள். ஒரு வீட்டில் கிழவரைத் தூக்கிவந்து உட்காரவைக்க நேரம் போனது. இன்னொரு வீட்டில் ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. பழனிமுத்து கேமராப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒன்பதாம் குடும்பத்தில் சுருள் தீர்ந்துவிட்டது.

இரண்டு குடும்பங்கள் மிச்சம் நின்றன. அவர்களிடம் போய், “முடிஞ்சுபோச்சுங்க. வேற சுருள் இல்ல” என்றான்.

கைக்குழந்தையோடு நின்ற ஆள் தன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையில் வைத்திருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“சரிங்க,” என்றான் அந்த ஆள். “சுருள் இல்லாட்டி என்ன, ரொட்டி சுட்டு வச்சிருக்கு. வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

பழனிமுத்து உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்தான். ரொட்டியில் பாதிதான் தின்ன முடிந்தது. வெளியே ஜமால்தீன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். உடனே எழுந்திருக்க அவனால் முடியவில்லை.