பெல்ட்டில் அடங்காத போன்

அப்துல் அஜீஸ் புது போன் வாங்கப் போகிறார் என்றதும் சூலியா தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள். தன் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குக் கோழி போடுகிறவனையே நம்பாத மனுஷன், போன் விற்கிறவனையா நம்பப் போகிறார்?

வீட்டுக்கு ஒரு போன் போதும் என்பது அவர் சட்டம். அந்த ஒன்றும் அவர் இடுப்பில்தான் இருக்கும். கைலிக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டில் பை உண்டு. அதில் போட்டுப் பொத்தானை அழுத்திவிடுவார். சட்டைப் பையில் வைத்த போன் ஒருமுறை மீன் கறிக்குள் முங்கியதிலிருந்து வேறு இடமே கிடையாது. மேசையில் வைக்கலாமே என்றால், திருடனுக்கும் பசிக்கும் என்பார்.

இதில் வயிறெரிந்தது அவர் மனைவி ஆசியா பீவிக்கு. ஜொகூரில் இருக்கும் மகள் சுஹானா, குழந்தை ஐமான் விழித்து விளையாடும் காலையில்தான் வீடியோவில் கூப்பிடுவாள். அப்போது போன் கடையில். அஜீஸ் கறிக் கையோடு எடுத்து, பேரனுக்குக் கூரை மின்விசிறியைக் காட்டிவிட்டு வைத்துவிடுவார். இரவில் போன் கெலுகோர் வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். முழித்திருக்கிற பேரனைப் பார்க்க இன்னொரு போன் கேட்டுக் கேட்டு, ஆசியா பீவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கறி ஆவி பட்டுப் பட்டு அந்தப் போன் ஒருநாள் கண்ணை மூடியது. புதுசு வாங்க கொம்தார் கட்டடத்துப் போன் கடைக்குக் கிளம்பும்போது, ஏர்கோன் இடத்துக்குக் கைலியோடா என்று ஆசியா பீவி பெருநாள் கால்சட்டையை எடுத்து நீட்டினாள். முனகிக்கொண்டே மாட்டினார். பெல்ட் ஆணியில் தொங்கியது.

கடைப் பையன் கிஷன் சின்னதும் பெரிதுமாக இரண்டை எடுத்து வைத்தான். பெரியதில் கேமரா அப்படி, வேகம் இப்படி என்று ஆரம்பித்தான்.

"இது ஹேண்ட்போனா, ரொட்டி சானாய் சுடுற கல்லா தம்பி?"

ஆசியா பீவி சின்னதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்தைப் படிக்கச் சொன்னாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

அஜீஸ் அதற்கெல்லாம் மசியவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சின்னப் பொட்டலத்தை எடுத்தார். மீன் கறி. கிஷன் பதறுவதற்குள் விரலை அதில் தோய்த்துச் சின்னதை அழுத்தினார், அசையவில்லை. பெரியதை அழுத்தினார், உடனே திறந்துகொண்டது. கறிக் கையை மதிக்கிற போன்தான் போன் என்று தீர்ப்புச் சொல்லி, அதையே வாங்கினார். திரையைத் துடைத்த கிஷன் அன்று முழுக்க வெந்தய வாசத்தோடு வியாபாரம் பார்த்தான்.

மறுநாள் காலை பெல்ட்டைக் கட்டினார். போன் பாதிதான் உள்ளே போனது. குத்தினார், திருப்பினார், பொத்தான் எட்டவில்லை. இப்படியே சட்டி மேல் குனிந்தால் இதுவும் கறிக்குள்தான். ஆணியில் இப்போது தொங்கிய கால்சட்டையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தேத்தண்ணி ஆற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

"கால்சட்டை நல்ல யோசனதான்," என்றார்.

"ஆமாங்க. உங்களுக்கு எடுப்பா இருந்துச்சு."

போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கடையில் கூட்டம் குறைந்ததும் கை நிலைகொள்ளவில்லை. கடையில் தேத்தண்ணி கலக்குகிற காமாரியாவிடம் போனைக் கடன் வாங்கி, தன் நம்பரையே அழுத்தினார்.

"இப்பதான் சுஹானா வெச்சா," என்றாள் ஆசியா பீவி. "ஐமானுக்கு ரெண்டு பல்லு முளைச்சிருக்கு. தினமும் நீங்கதானே பாத்தீங்க, ஒரு வார்த்த சொல்லலியே?"

அஜீஸ் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். பேரன் அதைத்தான் பார்த்திருந்தான். அவர் சட்டியைப் பார்த்திருந்தார்.

"மேலயா, கீழயா?" என்று மெல்லக் கேட்டார்.

"கீழ. வீட்டுக்கு வாங்க, படம் பிடிச்சு வெச்சிருக்கேன். கைய கழுவிட்டு வாங்க."