புதன்கிழமைத் தேதி

எங்கள் முதியோர் இல்லத்தில் புதன்கிழமை குழாய் மாற்றும் நாள். ஆக்சிஜன் மெஷினிலிருந்து மூக்குக்குப் போகும் குழாயை எறிந்துவிட்டுப் புதிதை மாட்டி, தேதி எழுதிய லேபிளை ஒட்ட வேண்டும். மெஷினில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கழுவ வேண்டும். எனக்குப் பத்து அறைகள், ஒரு மணி நேரம். மேற்பார்வையாளர் லேபிளைத்தான் பார்ப்பார். அவரைச் சொல்லி என்ன, ஒட்டுகிற கை என்னுடையது. பல வாரங்கள் லேபிளை மட்டும்தான் மாற்றுவேன். குழாய் மஞ்சளடித்தால்தான் கழற்றுவேன்.

போன மாதம் அம்மாவையும் இங்கேயே சேர்த்தோம். சொந்தக்காரர் அறையில் வேலை செய்யக் கூடாது என்பது விதி. அம்மாவின் அறை கண்ணாடிக்காரிக்குப் போயிற்று. எனக்குப் பிறகு வேலைக்கு வந்த, மூக்குக்கண்ணாடி போட்ட பெண்.

இன்று வேலை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போனேன். இருமிக்கொண்டிருந்தாள். லேபிளில் இன்றைய தேதி. குழாயில் சிவப்பு நூல். காது உறுத்துகிறது என்றாளே என்று போன வெள்ளிக்கிழமை பஞ்சு வைத்து நானே சுற்றிய நூல். பாட்டிலின் அடியில் பச்சையாக வழுவழுப்பு.

கண்ணாடிக்காரியை வராந்தாவில் பிடித்தேன்.

“அம்மா குழாய மாத்துனியா?”

“லேபிள் ஒட்டியிருக்கேனே அக்கா.”

“நான் குழாயக் கேக்குறேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. “வந்த முதல் வாரம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? தேதி புதுசா இருந்தா போதும், யாரு உத்துப் பாக்கப் போறான்னு.”

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னைச் சுடக்கூட இல்லை. சுட்டது அம்மாவை; அவள் அறைக்குத் திரும்பினேன்.

விதியாவது ஒன்றாவது என்று அம்மாவின் குழாயையும் பாட்டிலையும் நானே மாற்றினேன்.

“அந்தப் பொண்ணும் உன்ன மாதிரியேடி,” என்றாள் அம்மா. “வாராவாரம் தேதி தப்பாது.”

“ஆமாம்மா.”

ஸ்டோர் ரூமில் குழாய்ப் பெட்டிகள் பிரிக்காமலே இருந்தன. பத்துக் குழாய்களை எடுத்துக்கொண்டேன். என்னுடைய முதல் அறை ஓய்வுபெற்ற வாத்தியாருடையது.

“காலையிலதானேம்மா மாத்துன? தேதி போட்டிருக்கே.”

“இல்ல சார். மாத்தல.”

“போன வாரம்?”

“அப்பவும் மாத்தல.”

அவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் மகன் வந்திருந்தான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு. இங்க எல்லாம் தேதி தவறாம நடக்குது, நீ போப்பான்னு அனுப்பிட்டேன்.”

புதுக் குழாயை அவர் மூக்கில் மாட்டினேன். இன்னும் ஒன்பது அறைகள் இருந்தன.